பதினெட்டில் வைங்க

ஃபர்வானியாவில் இருபத்தாறு வருஷமாக
பிறர் வீட்டுச் சூட்டை வெளியேற்றிச் சம்பளம் வாங்குகிறேன்.
ஸ்பிளிட், விண்டோ, கூரைமேல் நிற்கும் பெரிய பிளான்ட்,
எதுவானாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்
கேஸ் இறங்கியிருக்கிறதா, கம்ப்ரஸர் போய்விட்டதா என்று.
என் சத்தம்தான் பிடிபடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி.
எகிப்துக்கார டாக்டர் என் பெயரை
ஞானா, சிகா, மணி என்று மூன்று ஆளாக்கிக் கூப்பிடுவார்.
கட்டிக்குத் தீனி போடுவது ஆண்சுரப்பு,
அதை நிறுத்துகிறோம் என்றார்.
பிறகு ஆங்கிலத்தில் வேறென்னவோ கேட்டார்.
சிஸ்டர் ஜிஜி மலையாளத்தில் பாதி,
கண்ணைத் தாழ்த்திப் பாதி:
"சேட்டா, வீட்டில் அந்த விஷயம் குறையும்.
சேச்சியோடு சொல்லணும்."
தலையாட்டினேன்.

கதிர் மேஜையில் ஏறுமுன்
வயிறு முட்டத் தண்ணீர் குடித்து
அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும்.
இதையும் அப்படியே அடக்கினேன்,
முப்பத்தேழு நாள்.
அதற்குப் பிறகும்.

ஆசை போனதைக்கூடக் கவனிக்கவில்லை.
சோப்பு தீர்ந்த மாதிரி
ஒருநாள் கையை நீட்டினால் இல்லை.
மார்முடி உதிர்ந்தது. சட்டை உரசினால் காம்பு வலித்தது.
பற்பசை விளம்பரத்துக்கு அழுதேன்.
மாத்திரை ஒன்றும் தந்தார்கள்.
குழாயைத் திறந்துவிட்டு, பாத்ரூமில்,
கரண்டே இல்லாத வீட்டில்
ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
எப்படித் தெரிந்ததோ, வேன் ஓட்டும் பஷீர்
ஊரிலிருந்து லேகியம் வரவழைத்தான்:
"குதிர மாதிரி ஆயிருவீங்கண்ணே."
டூல்பாக்ஸில் இன்னும் கிடக்கிறது,
ஸ்பானர்களுக்கு அடியில்.

மேபலிடம் அலுப்பு என்றேன்.
தூசிக்காற்று என்றேன்.
சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

ஆகஸ்ட். ராத்திரி ரெண்டு மணிக்கும்
வெளியே நாற்பது டிகிரி.
உள்ளே, பனியனுக்குள், இன்னோர் ஆகஸ்ட்.
எழுந்து உட்கார்ந்தால் லைட் எரிகிறது.
அவள் கையில் ஊசி டப்பாவின் தாள்.
நர்சரிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தருகிறவள்
ஆங்கிலப் பக்கம் முழுக்க
பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

"இதத்தான் இத்தன நாளா
சொவருகிட்ட சொல்லிட்டிருந்தீங்களா?"

பதிலில்லை என்னிடம்.

"எனக்கு நின்ன வருஷம் ஞாபகம் இருக்கா?
இப்படித்தான் எரிஞ்சுது.
ஃபிரிட்ஜத் தொறந்துவச்சு அதுக்கு முன்னால நின்னேன்.
நீங்க இருபத்தாறுல வச்சுட்டு
கம்ப்ரஸர் கெட்டுரும்னு சொன்னீங்க."

ஞாபகம் இருந்தது.
மெக்கானிக் சொன்னால் கேட்கணும்
என்றுகூடச் சொன்னேன்.
அந்தக் கிச்சன் வெளிச்சம், அவள் முதுகு,
நான் போர்வையை இழுத்து மூடியது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
ரிமோட்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.
"பதினெட்டுல வைங்க."

தான் கழுத்துவரை மூடிக்கொண்டு
ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினாள்.
"இங்க வலிக்குதா?"
"வலிக்குது."
"இங்க?"
"இல்ல."
"இங்க?"
காது மடலுக்குப் பின்னால் ஒரு பள்ளம்.
முப்பது வருஷத்தில் அவள் போகாத இடம்.
நானும்.

ஒன்றும் எழவில்லை.
கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தேன், பழக்கம்.
பிறகு அவள் விரல் எங்கே போகிறது என்று
கவனிக்க ஆரம்பித்தேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.
சுவரைப் பார்க்கும் அளவுக்கு இல்லை.

மூன்று மணிக்கு எனக்குச் சூடு இறங்கிக் குளிரெடுத்தது.
அதே நேரம் அவளுக்கு ஏறியது, இன்னும் எப்போதாவது வரும்.
போர்வையை உதறி என்மேல் போட்டாள்.
"ஒரே வீட்டுல ரெண்டு ஃபர்னஸ்" என்று
தலையணையில் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கூரையில் எங்கள் மெஷின்
ஒருமுறை இருமிவிட்டு ஓடியது.
கெபாசிட்டர் வீக்.
வெள்ளிக்கிழமை ஏறிப் பார்க்கணும்.